ஈஸ்ட் ஏன் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது?

ஈஸ்ட் செல் கொழுப்பைச் சேமிப்பது பின்னால் எரித்து ஆற்றல் பெறுவதற்காக என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். விலங்குகளின் கொழுப்புத் திசுவை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் வரி அது. ரொட்டிக்கும் பீருக்கும் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரவிசியே விஷயத்தில் அது பாதிதான் சரி. இந்த ஈஸ்ட் சேர்க்கும் கொழுப்பு, அடுப்புக்கு அடுக்கிய விறகு என்பதைவிட, வீடு கட்ட இறக்கி வைத்த செங்கல் என்பதே பொருத்தம். அடுத்த தலைமுறைச் செல்லுக்குச் சவ்வு கட்டத்தான் அதில் பெரும்பகுதி செலவாகிறது. எரிபொருள் வேலையைப் பெரும்பாலும் கிளைக்கோஜன், ட்ரெஹலோஸ் என்ற இரண்டு மாவுப்பொருள்கள் பார்த்துக்கொள்கின்றன. எண்ணெய் ஈஸ்ட்கள் என்று ஒரு தனிக் கூட்டம் உண்டு. அவற்றின் கணக்கு வேறு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

துளிக்குள் என்ன இருக்கிறது

ஒரு செரவிசியே செல்லின் விட்டம் சுமார் 5 மைக்ரோமீட்டர். அதற்குள் உள்ள கொழுப்புத் துளி ஒவ்வொன்றும் 0.3 முதல் 0.5 மைக்ரோமீட்டர் இருக்கும். 0.4 மைக்ரோமீட்டர் துளிகள் பத்து இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், மொத்தமாகச் செல்லின் கன அளவில் அரை சதவீதம்தான் வருகிறது. பெரிய சேமிப்பு என்று சொல்ல முடியாது.

துளியின் நடுப்பகுதியில் இரண்டு பொருள்கள் ஏறக்குறையச் சம அளவில் இருக்கின்றன. ஒன்று ட்ரைகிளிசரைடு: கிளிசராலின் மூன்று கைகளிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள். மற்றொன்று ஸ்டெரால் எஸ்டர்: எர்கோஸ்டெராலோ அதன் முன்னோடியோ ஒரு கொழுப்பு அமிலத்தோடு இணைந்தது. விலங்குச் செல்லில் கொலஸ்ட்ரால் பார்க்கும் வேலையை ஈஸ்டில் எர்கோஸ்டெரால் பார்க்கிறது. இவற்றைச் சுற்றி, சவ்வுகளின் அடிப்படைக் கொழுப்பான பாஸ்போலிப்பிட் ஒற்றை அடுக்காக. மற்ற சவ்வுகள் எல்லாம் இரட்டை அடுக்கு, இது மட்டும் ஒற்றை. உள்ளே எண்ணெய், வெளியே நீர் என்பதால் நீரை நோக்கி ஓர் அடுக்கு இருந்தாலே போதும். அந்த அடுக்கின் மேல் என்சைம்கள் உட்கார்ந்திருக்கின்றன. எர்கோஸ்டெரால் தயாரிப்பில் பங்கேற்கும் ஈஆர்ஜி6 அவற்றில் ஒன்று. துளி எங்கே இருக்கிறது என்று காட்ட ஆய்வகங்களில் ஒளிரும் புரதம் ஒட்டிப் பயன்படுத்துவது பெரும்பாலும் இதைத்தான்.

இந்தப் பட்டியலே ஒரு துப்பு. வெறும் எரிபொருள்தான் வேண்டுமென்றால் ஸ்டெராலைச் சேமிப்பதில் அர்த்தமே இல்லை. ஈஸ்ட்டால் ஸ்டெரால் வளையத்தை உடைத்து ஆற்றல் எடுக்க முடியாது. சவ்வுக்கு மட்டுமே அது உதவும்.

கட்டும் வழி

கொழுப்பு அமிலத் தயாரிப்பு, சர்க்கரை உடைந்து கிடைக்கும் இரண்டு கார்பன் துண்டைச் சுமக்கும் அசிட்டைல் கோ-ஏ-யில் தொடங்குகிறது. ஏசிசி1 என்சைம் அதன்மேல் ஒரு கார்பாக்சில் தொகுதியை ஏற்றுகிறது. பிறகு ஃபேட்டி ஆசிட் சிந்தேஸ் இரண்டிரண்டு கார்பனாகச் சேர்த்து 16 அல்லது 18 கார்பன் சங்கிலி ஆக்குகிறது. 16 கார்பன் பால்மிட்டிக் அமிலம் ஒன்றுக்கு 8 அசிட்டைல் கோ-ஏ, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 7, எலக்ட்ரான் தரும் என்ஏடிபிஹெச் 14 செலவு. குளுக்கோஸ் கணக்கில் பார்த்தால், 8 அசிட்டைல் கோ-ஏ-க்கு 4 குளுக்கோஸ், அதாவது 24 கார்பன் உள்ளே போய் 16 மட்டுமே கொழுப்பாகிறது. மீதி 8 கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. என்ஏடிபிஹெச்-க்கான சர்க்கரைச் செலவு இதற்கு மேல். அதே குளுக்கோஸைக் கிளைக்கோஜனில் சேர்க்க ஒரு மூலக்கூறுக்கு இரண்டு ஏடிபிக்குச் சமமான செலவுதான். கார்பன் எதுவும் வீணாவதில்லை. கிராமுக்குக் கொழுப்பு 9 கிலோகலோரி, மாவுப்பொருள் 4 என்ற ஒப்பீட்டை மட்டும் பார்ப்பவர்கள் இந்தச் சேமிப்புச் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை.

கிளிசரால் பாஸ்பேட்டில் இரண்டு கொழுப்பு அமிலங்கள் ஏறியதும் பாஸ்பாட்டிடிக் அமிலம் கிடைக்கிறது. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் போனால் சவ்வுக்கான பாஸ்போலிப்பிட். மறுபக்கம் பிஏஹெச்1 என்சைம் பாஸ்பேட்டை வெட்டி எடுத்துவிட்டால் டைகிளிசரைடு. அதற்கு மூன்றாவது அமிலம் சேர்ந்தால் ட்ரைகிளிசரைடு, அதாவது சேமிப்பு. செல் வேகமாக வளரும்போது பிஏஹெச்1 மீது பல இடங்களில் பாஸ்பேட் ஒட்டப்பட்டு அது சைட்டோபிளாசத்தில் சும்மா கிடக்கும். வளர்ச்சி தணியும்போது நெம்1, எஸ்பிஓ7 என்ற ஜோடி அந்தப் பாஸ்பேட்டை நீக்க, பிஏஹெச்1 எண்டோபிளாச வலை என்ற உட்சவ்வுப் பின்னலில் போய் ஒட்டி வேலையைத் தொடங்கும். பிஏஹெச்1 மரபணுவை நீக்கிய செல்லில் ட்ரைகிளிசரைடு பெருமளவு குறைகிறது. போக இடமில்லாத பாஸ்பாட்டிடிக் அமிலம் பாஸ்போலிப்பிடாக மாறி, உட்கருவின் சவ்வு வேண்டாத அளவுக்கு விரிந்து கோணல்மாணலாகிறது. சவ்வும் சேமிப்பும் ஒரே மூலப்பொருளுக்குப் போட்டியிடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கடைசிப் படியைச் செய்ய நான்கு என்சைம்கள் இருக்கின்றன. டிஜிஏ1 நேரடியாக அசைல் கோ-ஏ-யிலிருந்து மூன்றாவது அமிலத்தை எடுக்கிறது. எல்ஆர்ஓ1 ஒரு பாஸ்போலிப்பிடிலிருந்து அமிலத்தைப் பிடுங்கி ஏற்றுகிறது. வளரும் கட்டத்தில் எல்ஆர்ஓ1-ன் பங்கும், வளர்ச்சி நின்ற பிறகு டிஜிஏ1-ன் பங்கும் பெரிது. ஸ்டெரால் எஸ்டருக்கு ஏஆர்இ1, ஏஆர்இ2. நான்கையும் நீக்கினால் செல்லில் கொழுப்புத் துளி ஒன்றுகூட இருக்காது. ஆனால் செல் சாவதில்லை; சாதாரண ஊடகத்தில் நன்றாகவே வளர்கிறது. அதே செல்லுக்கு ஒலியிக் அமிலத்தைக் கொடுத்தால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. வெளியிலிருந்து வரும் கொழுப்பு அமிலத்தை அடைத்து வைக்க இடமில்லாமல் அது சவ்வுகளைக் கெடுத்துவிடுகிறது. ஆக, நஞ்சாகக்கூடிய அமிலத்தைப் பூட்டி வைப்பதும் துளியின் வேலை.

துளி உருவாவது எண்டோபிளாச வலைச் சவ்வின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே. எண்ணெய் அங்கே தேங்கி, உப்பி, சைட்டோபிளாசம் பக்கமாகப் பிதுங்குகிறது. அந்த இடத்தை ஒழுங்குபடுத்துவது செய்பின் என்ற வளையப் புரதம். அது இல்லாத செல்லில் துளிகள் சீராக இருப்பதில்லை: சில செல்களில் பொடிப்பொடியாகக் கொத்தாக, சில செல்களில் ஒன்றிரண்டு பூதாகாரமாக. பார்த்தவுடனே தெரிந்துவிடும் குறை இது.

எப்போது சேர்கிறது, எப்போது கரைகிறது

2 சதவீத குளுக்கோஸ் உள்ள ஊடகத்தில் ஈஸ்ட்டை வளர்த்தால் சேமிப்புகளுக்கு ஒரு வரிசை உண்டு. சர்க்கரை பாதி தீரும்போதே கிளைக்கோஜன் ஏறத் தொடங்குகிறது. சர்க்கரை முழுதும் தீர்ந்த பிறகு ட்ரெஹலோஸ். வேக வளர்ச்சியின்போது குறைவாக இருக்கும் ட்ரைகிளிசரைடு, வளர்ச்சி நிற்கும் கட்டத்தை நோக்கிப் போகப் போகக் கூடுகிறது.

இப்போது அந்த முதிர்ந்த செல்களைப் புது ஊடகத்தில் ஊற்றுங்கள். குளுக்கோஸ் நிறைய இருக்கிறது. ஆற்றலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் முதல் சில மணி நேரத்தில் ட்ரைகிளிசரைடு சரசரவென்று குறைகிறது. எரிபொருள் கொள்கைப்படி இது நடக்கவே கூடாது. டிஜிஎல்3, டிஜிஎல்4, டிஜிஎல்5 என்ற லைபேஸ்கள் (கொழுப்பை உடைக்கும் என்சைம்கள்) துளியிலிருந்து கொழுப்பு அமிலத்தை விடுவிக்க, அது பாஸ்போலிப்பிடாகவும் ஸ்பிங்கோலிப்பிடாகவும் மாறிப் தாய்ச் செல்லிலிருந்து முளைக்கும் புது மொட்டின் சவ்வாகிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரக் குழு 2009-ல் காட்டியது இன்னும் அழகு: செல் பிரிவைக் கட்டுப்படுத்தும் சிடிசி28 என்ற, பாஸ்பேட் ஒட்டும் என்சைம்தான் டிஜிஎல்4-ஐத் தூண்டிவிடுகிறது. செல் மொட்டு விடத் தீர்மானிக்கும் நேரத்திலேயே கொழுப்புக் கிடங்கும் திறக்கப்படுகிறது. டிஜிஎல்3, டிஜிஎல்4 இரண்டும் இல்லாத செல் மொட்டு விடத் தாமதிக்கிறது. செருலெனின் மருந்தைக் கொடுத்துப் புதுக் கொழுப்பு அமிலத் தயாரிப்பை அடைத்துவிட்டால், லைபேஸ் உள்ள செல் கையிருப்பை வைத்துச் சிறிது காலம் வளர்கிறது. இல்லாத செல் நின்றுவிடுகிறது.

எரிப்பதே இல்லையா என்றால், உண்டு. ஆனால் நிபந்தனைகள் அதிகம். ஈஸ்டில் கொழுப்பு அமிலம் பெராக்சிசோம் என்ற சிறு உள்ளுறுப்பில் மட்டுமே உடைகிறது. நம் உடலில்போல மைட்டோகாண்ட்ரியாவில் நடப்பதில்லை. குளுக்கோஸ் இருக்கும்வரை அதற்கான மரபணுக்கள் அடக்கி வைக்கப்பட்டிருக்கும். முதல் படியைச் செய்யும் பிஓஎக்ஸ்1 என்சைம் எலக்ட்ரான்களை நேரே ஆக்சிஜனிடம் கொடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்கிவிடுகிறது. அந்தப் படியின் ஆற்றல் வெப்பமாகப் போகிறதே தவிர ஏடிபி ஆவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஆக்சிஜன் கட்டாயம். மூடிய நொதிகலனில் ஆக்சிஜன் தீர்ந்தபின் ஈஸ்ட் தன் கொழுப்பை எரிக்க வழியே கிடையாது. நீண்ட பட்டினியில் வேறொன்றும் நடக்கிறது: முழுத் துளியையே செல்லின் செரிமானப் பையான வாக்குவோல் விழுங்கி, ஏடிஜி15 என்ற லைபேஸால் செரிக்கிறது.

பீர் ஆலையில் இதன் விலை

மேலே சொன்னது வெறும் ஏட்டு விஷயம் என்று நினைப்பவர்கள் பீர் வடிப்பவரிடம் கேட்கலாம். எர்கோஸ்டெரால் செய்ய ஆக்சிஜன் வேண்டும்: அதன் முன்னோடியான ஸ்குவாலீன் மூலக்கூறு ஒன்றை எர்கோஸ்டெராலாக மாற்ற 12 ஆக்சிஜன் மூலக்கூறுகள். கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு போடும் ஓஎல்இ1 என்சைமுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆண்ட்ரியாசன், ஸ்டியர் இருவரும் 1953, 1954-ல் வெளியிட்ட ஆய்வுகளில் இதை நிறுவினார்கள்: காற்றே இல்லாமல் ஈஸ்ட் வளர வேண்டுமானால் எர்கோஸ்டெராலும் ஒலியிக் அமிலமும் வெளியிலிருந்து தர வேண்டும். இன்றும் காற்றில்லா ஆய்வக வளர்ப்புகளில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் எர்கோஸ்டெராலும் ஒலியிக் அமிலம் தரும் ட்வீன் 80 சேர்மம் 420 மில்லிகிராமும் சேர்ப்பது நடைமுறை.

ஆலையில் நடப்பது இதுதான். காற்றோட்டத்தில் வளர்ந்த ஈஸ்டில் ஸ்டெரால் உலர் எடையில் சுமார் 1 சதவீதம். இது 0.1 சதவீதத்தை நெருங்கினால் பிரிதல் நின்றுபோகும். காற்று இல்லாதபோது புது ஸ்டெரால் வராது. இருப்பதைத் தாயும் மகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பிரிவில் 0.5, அடுத்ததில் 0.25, மூன்றாவதில் 0.125. அவ்வளவுதான், மூன்று தலைமுறை. அதனால்தான் குளிர்ந்த வோர்ட்டில் (நொதிக்கும் முன்னுள்ள மால்ட் சாறு) லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைத்துவிட்டு ஈஸ்ட் போடுகிறார்கள். காற்றை மட்டும் ஊதினால் சுமார் 8-க்கு மேல் ஏறாது. அடர்த்தி அதிகமான வோர்ட்டுக்குத் தூய ஆக்சிஜன்தான் வழி. ஈஸ்ட் அதைச் சில மணி நேரத்தில் உறிஞ்சி ஸ்டெராலாக்கி முடித்துவிடும். இந்த வேலைக்கான ஆற்றலும் கார்பனும் கிளைக்கோஜனிலிருந்து வருகின்றன. அதனால், சேகரித்த ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தொட்டியில் நாள்கணக்கில் வைத்துக் கிளைக்கோஜனைத் தீர்த்துவிட்டால், பிறகு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் நொதித்தல் மந்தமாகவே போகும். கொழுப்புக் குறைபாடாகத் தெரிவதன் மூலகாரணம் மாவுப்பொருள் குறைபாடாக இருக்கும்.

ஆக்சிஜன் குறைந்தால் நொதித்தல் பாதியில் நிற்பதோடு, பழவாசனை எஸ்டர்களும் கூடும். அவற்றை உண்டாக்கும் ஏடிஎஃப்1 மரபணுவை ஆக்சிஜனும் நிறைவுறாக் கொழுப்பு அமிலமும்தான் அடக்கி வைக்கின்றன. ஆக்சிஜன் மிகுந்தால் சர்க்கரை ஈஸ்ட்டாகவே மாறிவிடும், சாராயம் குறையும். ஆக்சிஜனுக்குப் பதில் ஆலிவ் எண்ணெயைத் துளித்துளியாகச் சேர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. ஒலியிக் அமிலப் பற்றாக்குறையை அது ஈடுகட்டும், ஸ்டெராலைத் தராது. பாதித் தீர்வு.

அளக்கும்போது ஏமாறும் இடங்கள்

துளியைப் பார்க்க எளிய வழி நைல் ரெட் சாயம். அசிட்டோனில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று கரைத்து வைத்துக்கொண்டு, செல்களைப் பாஸ்பேட் பஃபரில் கழுவி, மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவில் சேர்த்து, இருட்டில் 5 முதல் 10 நிமிடம் வைத்தால் போதும். 488 நானோமீட்டரில் தூண்டினால் துளிகள் 570-580 பக்கம் மஞ்சளாக ஒளிரும். சவ்வுகள் 610-க்கு மேல் சிவப்பாக.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், முதிர்ந்த செல்லின் சுவர் தடிப்பு. சாயம் மெதுவாகத்தான் உள்ளே போகும். இளம் செல்லையும் முதிர்ந்த செல்லையும் ஒரே 5 நிமிடத்தில் அளந்து ஒப்பிட்டால், கொழுப்பு கூடிய செல் குறைவாகக் காட்டும். சிறிது டிஎம்எஸ்ஓ கரைப்பான் சேர்ப்பது உதவும். ஒளிர்வு ஏறி நிலைக்கும்வரை திரும்பத் திரும்ப அளப்பது அதைவிட நம்பகமானது. அசிட்டோன் கரைசல் ஆவியாகி அடர்த்தி ஏறிக்கொண்டே போவதையும் மறக்கக் கூடாது. ரோடோடொருலா போன்ற செந்நிற ஈஸ்ட்களில் கரோட்டினாய்டு தானே ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். வேறு ஒளிரும் புரதங்களோடு சேர்த்துப் பார்ப்பதானால் நைல் ரெட் எல்லா அலைவரிசையிலும் கசியும். பாடிபி 493/503 என்ற சாயத்தை எடுத்துக்கொள்வது நல்லது.

கொழுப்பின் அளவு எண்ணாக வேண்டுமென்றால் கொழுப்பைப் பிரித்தெடுத்தே ஆக வேண்டும். செல்களை 0.5 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைத்து, 2:1 குளோரோஃபார்ம்-மெத்தனாலில் எடுத்து, சிலிக்கா தகட்டில் 80:20:1 ஹெக்சேன், டைஎத்தில் ஈதர், அசிட்டிக் அமிலக் கலவையில் ஓட்டினால் ஸ்டெரால் எஸ்டர் உச்சியிலும், அதற்குக் கீழே ட்ரைகிளிசரைடும், பிறகு தனிக் கொழுப்பு அமிலமும், ஸ்டெராலும், பாஸ்போலிப்பிட் தொடங்கிய இடத்திலேயும் நிற்கும். தனிக் கொழுப்பு அமிலப் புள்ளி தடித்துத் தெரிந்தால் உயிரியல் கண்டுபிடிப்பு என்று குதிக்க வேண்டாம். செல்லை உடைத்தபின் லைபேஸ்கள் அறை வெப்பத்தில் ட்ரைகிளிசரைடைத் தின்றிருக்கும். உடைக்கும்வரை பனிக்கட்டியில் வைப்பதும், முன்கூட்டியே சூடான ஐசோப்ரொப்பனாலால் என்சைம்களைக் கொல்வதும் இதற்குத்தான். பிளாஸ்டிக் குழாயில் குளோரோஃபார்ம் ஊற்றினால் பிளாஸ்டிக்கின் சேர்மங்களும் கரைந்து வந்து எடையைக் கூட்டும்.

எண்ணெய் ஈஸ்ட்கள்

உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ப்பவை இந்தப் பெயர் பெறும். யாரோவியா லிப்போலிட்டிகா, ரோடோடொருலா டொருலாய்ட்ஸ், லிப்போமைசிஸ் ஸ்டார்க்கியை ஆகியவை முக்கியமானவை. டொருலாய்ட்ஸ் 65 சதவீதத்தைத் தாண்டியதும் உண்டு. செரவிசியேயோடு ஒப்பிட்டால் துளியின் கட்டமைப்பு ஒன்றுதான். அசிட்டைல் கோ-ஏ வரும் வழிதான் வேறு.

சர்க்கரை மிகுந்து நைட்ரஜன் தீர்ந்தால் புரதம் செய்ய முடியாது, செல் பிரிவதும் நிற்கும். சர்க்கரை மட்டும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அப்போது செல் ஏடிபியின் உறவான ஏஎம்பி மூலக்கூறை உடைத்து அதிலிருந்து அம்மோனியா எடுக்கிறது. ஏஎம்பி குறைந்ததும் மைட்டோகாண்ட்ரியாவில் அதை நம்பியிருக்கும் ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ் என்சைம் முடங்கி, சிட்ரேட் தேங்கி வெளியேறுகிறது. சைட்டோபிளாசத்தில் ஏடிபி சிட்ரேட் லையேஸ் அதை வெட்டி அசிட்டைல் கோ-ஏ தருகிறது. இந்த என்சைம் செரவிசியேயில் இல்லை.

கலனில் இதைச் செய்ய கார்பன்-நைட்ரஜன் விகிதத்தைச் சரிபார்க்க வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் குளுக்கோஸ், 2 கிராம் அம்மோனியம் சல்பேட் என்று வைத்தால் மோல் கணக்கில் விகிதம் 66. எடைக் கணக்கில் 57. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதுவது இந்தத் துறையின் தீராத கெட்ட பழக்கம். அதோடு 1 கிராம் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் சேர்த்தால், அதில் பத்து சதவீதம் அளவுக்கு நைட்ரஜன் இருப்பதால், மோல் விகிதம் 54 பக்கம் இறங்கிவிடும்.

நைட்ரஜன் எத்தனை செல் என்பதையும், மிச்சச் சர்க்கரை ஒவ்வொரு செல்லும் எவ்வளவு கொழுக்கும் என்பதையும் முடிவு செய்கின்றன. மேற்படி 2 கிராம் அம்மோனியம் சல்பேட்டில் உள்ள 0.42 கிராம் நைட்ரஜன் ஏறத்தாழ 5 கிராம் செல்லுக்குத்தான் வரும். மீதிச் சர்க்கரை 50 கிராமும், நடைமுறையில் கிடைக்கும் கிராமுக்கு 0.2 கிராம் வீதத்தில் கொழுப்பானால் 10 கிராம். ஏட்டளவில் அதிகபட்சம் கிராமுக்கு 0.32. 5 கிராம் செல் 10 கிராம் கொழுப்பைச் சுமப்பது பெரும்பாலான இனங்களால் முடியாத காரியம். சர்க்கரை மிஞ்சும், அல்லது யாரோவியா சிட்ரிக் அமிலமாக வெளியே கொட்டும். சதவீதம் பெரிதாக வரட்டும் என்று நைட்ரஜனை மேலும் மேலும் குறைப்பவர்களுக்கு லிட்டருக்குக் கிடைக்கும் எண்ணெய் குறைந்துதான் போகும்.

கலனில் இன்னும் சில பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. அம்மோனியம் தீரத் தீர ஊடகத்தில் அமிலத்தன்மை ஏறும். அதைச் சரிசெய்ய அம்மோனியா கரைசல் விட்டால் நைட்ரஜன் பட்டினியே கலைந்துவிடும், சோடியம் ஹைட்ராக்சைடுதான் விட வேண்டும். நுரை அடக்கத் தாவர எண்ணெய் விட்டால் யாரோவியா அதைத் தின்னும். தின்னாத மிச்சம் அளவீட்டில் ஈஸ்டின் கொழுப்பாகக் கணக்காகும்.

அறுவடை நேரமும் முக்கியம். சர்க்கரை தீர்ந்து காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், செரவிசியேயில் அரிதாகப் பார்த்த எரிபொருள் செலவு இங்கே முழுவீச்சில் தொடங்கும். யாரோவியா தான் சேர்த்த கொழுப்பைத் தானே உடைத்துவிடும். குளுக்கோஸ் லிட்டருக்குச் சில கிராம் மிஞ்சியிருக்கும்போதே கலனைக் குளிர்வித்து, காற்றை நிறுத்தி, செல்களைப் பிரித்துவிட வேண்டும். பிரித்த ஈரச் செல்லை அப்படியே வைத்தாலும் லைபேஸ் வேலையைக் காட்டும் என்பதால் உடனே சூடாக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகும் செல்சுவர் நிற்கிறது: உயர் அழுத்த ஹோமோஜனைசரிலோ மணி ஆலையிலோ உடைக்காமல் ஹெக்சேனை மட்டும் ஊற்றினால், எண்ணெயில் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே தங்கிவிடும்.